புலிக்குப் போன பிரேக் கம்பி

1975ஆம் ஆண்டின் கடைசி. லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அப்போது தபால்காரன். காலையில் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் லுணுகலைக்கு இறங்குவேன். கடிதங்களை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். அது என்னைச் சுமந்ததைவிட நான் அதைச் சுமந்ததுதான் அதிகம். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு வரும் நீளமான பழுப்பு உறைகளும் அந்தப் பையில்தான் வரும். அந்த உறையைக் கண்டால் ஒன்றிரண்டு வீடுகளில் சிரிப்பார்கள். பல வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான காலம். நானும் மலை உச்சியில், காட்டோரமாக, ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தேன். கிழங்கு விளையும் நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். பன்றிக்குச் சுருக்கு வைப்பது தோட்டத்தில் எல்லோரும் செய்கிற, யாரும் வெளியே சொல்லாத வேலை. பிடிபட்டால் வழக்கு. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை செக்ரோல் பதிவேட்டில் பெயரை வெட்டிவிட்டால் வேலையும் போய்விடும், லயத்து வரிசையில் இருக்கும் வீடும் போய்விடும். எனக்கு வேறு கம்பி கிடைக்கவில்லை. சைக்கிளின் பின் பிரேக் கம்பியைக் கழற்றிச் சுருக்காக்கி, ஒரு கட்டையில் கட்டி, பன்றித் தடத்தில் வைத்தேன். முன் பிரேக் இருக்கிறது, தேவைப்பட்டால் காலை ஊன்றிக்கொள்ளலாம் என்று பெரிய புத்திசாலி போல நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலைக்குக் கிளம்பும் நேரம், பிள்ளை மடுவத்துப் பக்கம் ஒரே கூச்சல். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. அவளும் அங்கேதான் இருப்பாள். விழுந்தடித்து ஓடினேன். மடுவத்துக்குப் பின்னால், வருசக்கணக்கில் கவ்வாத்து வெட்டாமல் ஆளுயரம் வளர்ந்து கிடந்த தேயிலைக்குள் ஒரு சிறுத்தை உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் அதைப் புலி என்றுதான் சொல்வோம். அதன் முன்காலில் கம்பி இறுகியிருந்தது. கம்பியின் மறுமுனையில் இருந்த கட்டை இரண்டு செடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டையைச் செதுக்கியவன் நான். பன்றியைத் துரத்தி வந்த புலி மலை உச்சியில் மாட்டி, கட்டையோடு பிடுங்கிக்கொண்டு, வலியில் திசை தெரியாமல் கீழே இறங்கியிருக்கிறது. இது எனக்கு மட்டும் தெரிந்தது. இரவு பெய்த மழையில் இழுத்து வந்த தடமெல்லாம் அழிந்து போயிருந்தது. மற்றவர்கள் ஒரே முடிவாகச் சொன்னார்கள், புலி குழந்தையைத் தூக்க வந்ததென்று. வாயைத் திறக்காமல் நானும் கூட்டத்தில் நின்றேன்.

மத்தியானத்துக்குள் பதுளையிலிருந்து வனவிலங்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். சிங்களவர். நாற்பது வயதிருக்கும். தமிழ் நன்றாகவே பேசினார். புலியின் மேல் வலை போட்டு, மயக்க ஊசி குத்தி, கம்பியை வெட்டாமல் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். தோட்டத்துத் தச்சர் அவசரமாக அடித்த கூண்டில் புலியை ஏற்றி, வெள்ளைக்காரத் தொரை காலத்துக் குதிரை லாயத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். காயம் ஆறப் பத்து நாள் ஆகும், காட்டில் பிடிபட்ட புலியென்றால் அதே காட்டில் விட்டுவிடுவோம், ஆட்கள் இருக்கும் இடம் தேடி வந்த புலியென்றால் கொழும்பில் மிருகக்காட்சிச்சாலைக் கூண்டுதான், சாகும்வரை வெளியே வராது என்று அவர் சொன்னார்.

அதற்கு இறைச்சி கொண்டுவரும் வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. தினமும் லுணுகலைக்குப் போகிறவன் நான்தானே. கறிக்கடை முஸ்லிம் நானா எலும்பும் சதையுமாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். முதல் நாளே என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "பின் பிரேக் இல்லாமலா இந்த மலையில எறங்கி வாறீங்க, மவுத்தாப் போறதுக்கா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

கூண்டில் இருந்த நாளெல்லாம் அதற்கு நான்தான் தீனி போட்டேன். முதலில் கூண்டுக் கம்பியில் பாய்ந்தது. பிறகு என் சைக்கிள் சத்தம் கேட்டாலே காதைத் திருப்பியது. காயம்பட்ட காலைத் தூக்கி நக்கிக்கொண்டே என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

இதற்கிடையில் தோட்டம் இரண்டுபட்டது. கூண்டுக்குள் இருக்கும்வரை புலிமேல் எல்லோருக்கும் பாசம்தான். அம்மனுடைய வாகனம் என்று சூடம் காட்டினார்கள். லுணுகலைக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். ஆனால் கதவைத் திறந்து விடப்போகிறோம் என்றால் யாருக்கும் வேண்டாம். மொனராகலைப் பக்கம் கொண்டுபோய் விடலாமே என்று யாரோ சொன்னது அங்கே வரைக்கும் பரவி, அங்கிருந்து தொரைக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் புலியைத் தாங்களே வைத்துக்கொள்ளவும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்களாம். அதையும் நான்தான் சுமந்து வந்தேன்.

தாய்மார் மடுவத்தில் குழந்தைகளை விடவே இல்லை. என் மனைவியும் மகளை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். ராத்திரி தூக்கத்தில்கூடக் குழந்தையைத் தடவிப் பார்ப்பாள். நான் பக்கத்திலேயே படுத்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவள் பயம் தீர்ந்துவிடும். அந்த வார்த்தை தொரையின் காதுக்குப் போனால் எங்கள் வீடு போய்விடும். கோழை என்றால் நான்தான் கோழை.

பதினோராம் நாள் சாயங்காலம் பெரட்டுக் களத்தில் கூட்டம். தொரை, அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர் எல்லோரும் இருந்தார்கள். அதிகாரி பையிலிருந்து கம்பியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது எந்த எடத்துல வச்ச சுருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்றார். யார் வாயைத் திறப்பார்கள்? சொல்கிறவன்தான் வைத்தவன் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சங்கத் தலைவர் எழுந்து, புலி கொழும்புக்குப் போகட்டும், சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். மளமளவென்று கைகள் எழுந்தன. என் மனைவி இடுப்பில் குழந்தையோடு முதல் வரிசையில் நின்று கையைத் தூக்கினாள். தாய் செய்வதைப் பார்த்து எங்கள் மகளும் தன் கையைத் தூக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"மலை உச்சியில, என் மரவள்ளிக் கொல்லைக்கு மேல, காட்டோரத்துல வச்சதுங்க. நான்தான் வச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது ஆச்சரியமாக இருந்தது.

முதலில் பேசியது என் மனைவிதான். "பத்து நாளா நான் புள்ளயக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நடுங்குறேன். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல படுத்திருந்தீங்களா?" என்றாள். அவள் என்னை அதோடு விட்டுவிட்டுத் தொரை பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல மடுவத்தச் சுத்தி வேலி போடுங்கய்யா. பின்னால காடாக் கெடக்குறதக் கவ்வாத்து வெட்டுங்க. அப்புறம் அது பொறந்த மலையிலயே அத விட்டுருங்க. இந்தத் தோட்டத்துல இருந்து அனுப்புன ஆளுங்க பத்தாதுன்னு அதையும் அனுப்பணுமா?"

பழுப்பு உறை வந்து, கப்பலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவர் மறுபடி கையைத் தூக்கச் சொல்லவில்லை. தொரை அதிகாரியைப் பார்த்தார். பிறகு, வேலி போடுகிறோம் என்றார். சங்கம் இரண்டு வருசமாகக் கேட்டும் வராத வேலி எட்டு நாளில் வந்து நின்றது. சங்கத் தலைவரைவிடப் புலிக்குத்தான் செல்வாக்கு என்று லயத்தில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள்.

வேலி முடிந்த மறுநாள் விடியற்காலையில் கூண்டை டிராக்டரில் ஏற்றி, நான் சுருக்கு வைத்த இடத்துக்கே கொண்டுபோனோம். அதிகாரி டிராக்டரில் நின்றபடி கயிற்றால் கதவைத் தூக்கினார். புலி உடனே வெளியே வரவில்லை. வெகுநேரம் வாசலில் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு இறங்கி, லேசாக நொண்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் போனது. என் நெஞ்சில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்த பாரமும் அதோடு எழுந்து போனது.

திரும்பி வரும்போது அதிகாரி என் பக்கத்தில் நடந்தார். "யார் வச்சதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். தோட்டத்துல பின் பிரேக் இல்லாத சைக்கிள் ஒண்ணுதான். எங்க வச்சதுன்னு மட்டுந்தான் தெரியல" என்றார். ஏன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்று கேட்டேன். "கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் வழக்குப் போடவில்லை. தொரை செக்ரோலில் பெயரை வெட்டவில்லை, தபால் பையை மட்டும் பிடுங்கிக்கொண்டு மூன்று மாதம் கவ்வாத்துக்கு அனுப்பினார். மடுவத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தேயிலையை வெட்டியவர்களில் நானும் ஒருவன். என் மனைவி என்னோடு பேசவே மூன்று வாரம் ஆனது. அதுதான் பெரிய தண்டனை.

தபால் பை திரும்பிக் கிடைத்த மாதம், லுணுகலையில் கடிதங்களோடு ஒரு சின்னப் பொட்டலமும் தந்தார்கள். அதில் என் பெயர் எழுதியிருந்தது. ஊராருக்கெல்லாம் தபால் சுமந்தவனுக்கு அதுவரை ஒரு தபால் வந்ததில்லை. நடுவழியில் உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே புத்தம்புதிய பிரேக் கம்பி ஒன்று வளையமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கடிதம் எதுவும் இல்லை. பதுளை முத்திரை மட்டும் இருந்தது.

பிறகு பல வருசம் அதே மலையில் தபால் சுமந்தேன். எங்களுக்குப் பழுப்பு உறை வரவே இல்லை. மகள் அதே தோட்டத்தில் வளர்ந்து பெரியவளானாள். சில சாயங்காலங்களில் உச்சிக் காட்டிலிருந்து மரம் அறுப்பது போலப் புலியின் குரல் கேட்கும். மனைவி என்னைப் பார்த்து, "ஒங்க ஆளு கூப்புடுறாரு" என்பாள். என் குற்றம் தெரிந்தும் பத்து நாள் பொறுத்திருந்து, அதை என் வாயாலேயே சொல்ல இடம் விட்ட அந்த மனிதரை, இன்றும் இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தும் ஒவ்வொரு முறையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.