மாதுங்காவில் ஒரு மஃரிபத்துக் கூட்டம்

அறுபதுகளின் நடுவில் அப்பா பம்பாய் மாதுங்காவில் ஒரு ஞான சபை நடத்திவந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில், ஓய்வுபெற்ற பத்துப் பன்னிரண்டு உத்தியோகஸ்தர்கள் கூடுவார்கள். எல்லா மதங்களும் ஒன்றே என்று முடிவு செய்துவிட்டு ஆறு மணிக்குக் கலைவார்கள். அப்பாதான் காரியதரிசி. நான் ஃபோர்ட்டில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் ஸ்டெனோ என்பதால், கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த வருஷத்துப் பொருள் 'மறைஞானம்: ஓர் ஒப்பீடு'. வேதாந்தம், பௌத்தம், கிறிஸ்தவம் மூன்றையும் ஒரு தத்துவப் பேராசிரியரே பேசி முடித்திருந்தார். இஸ்லாத்தையும் அவரே பேசுவதாக இருந்தபோது மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். சபையின் சரித்திரத்தில் முதல் தடவையாக, ஒரு மதத்தைப் பற்றிப் பேச அந்த மதத்துக்காரரையே கூப்பிட வேண்டிய நெருக்கடி ஏற்பட்டது.

"உன் ஆபீஸுக்கு ஒரு சாயபு வருவார்னு சொல்லுவியே, நன்னா தமிழ் பேசுவார்னு. அவருக்கு இதெல்லாம் தெரியுமோ?" என்று அப்பா கேட்டார்.

தெரியும் என்று நினைத்தேன். தாராவியில் தோல் மண்டி வைத்திருந்தவர், திருநெல்வேலிப் பக்கம், ஐம்பது வயதிருக்கும். வியாழக்கிழமை மாலைகளில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரு செய்பவர். நான் கேட்டபோது தயங்கினார்.

"எனக்குப் பேசத் தெரியாதும்மா. அப்பா கேட்டாங்கன்னு சொல்லுதீய, வாரேன்."

அவர் ஒப்புக்கொண்டதும் வேறொரு பிரச்னை கிளம்பியது. கூட்டத்துக்குக் காபி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும், எங்கள் எவர்சில்வர் தம்ளர்களில். எல்லா ஆன்மாவும் ஒன்று என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தம்ளர் விஷயத்தில் அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. அப்பா இரண்டு நாள் யோசித்து, அன்றைக்கு எல்லாருக்கும் சோடா என்று அறிவித்தார். கொட்டும் மழையில் சோடா எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேச்சாளர் வெள்ளை ஜிப்பாவில் அத்தர் மணக்க வந்தார். தோல் வாடைக்கு முன்ஜாக்கிரதையாக ஏற்றிவைத்த நாலு ஊதுபத்திகள் வீணாயின.

"மஃரிபத்துன்னா அறியுறது," என்று ஆரம்பித்தார். "நாம படிச்சு அறியுறது இல்ல. அவன் அறியத் தந்தாத்தான் உண்டு."

"அதாவது பிரம்மஞானம்," என்றார் முன்வரிசையில் இருந்த வங்கி அதிகாரி. தினமும் மூச்சை அடக்கிப் பழகுபவர், நாக்கைப் பழக்கவில்லை.

"இருக்கலாம். அதுக்கு முன்னால 'நான்'ங்கது அழியணும். அதைப் பனான்னு சொல்லுவாங்க."

"நிர்வாணம்," என்றார் வங்கி அதிகாரி.

"சமாதின்னும் சொல்லலாம்," என்றார் அப்பா.

"அழிஞ்சதோட முடியலைய்யா. திரும்பி வரணும். வந்து கடையத் திறந்து தராசை ஒழுங்காப் பிடிக்கணும். அடிமை அடிமையாத்தான் வரணும், ஆண்டவனா இல்ல."

இதற்கு உடனே ஜோடி கிடைக்காமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வங்கி அதிகாரி "ஜீவன்முக்தன்" என்று கண்டுபிடித்ததும் அறைக்கே மூச்சு வந்தது. என் நோட்டில் எட்டுப் பக்கம் ஆகியிருந்தது. அதில் பேச்சாளர் பேசியது ஒன்றரைப் பக்கம்.

ஐந்து மணி வாக்கில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அசர் தொழணும், சாயங்காலத் தொழுகை. மேக்கு எந்தப் பக்கம்?"

யாருக்கும் தெரியவில்லை. மேகம் மூடிச் சூரியன் இல்லை. கரும்பலகைப் பக்கம் என்றார் ஒருவர். தாதர் இருக்கும் திசை என்றார் இன்னொருவர். தாதர் எங்கே என்பதில் தகராறு வந்தது. மேற்கே இருக்கும் வெஸ்டர்ன் லைன் ஸ்டேஷனுக்கு நான் தினமும் நடப்பவள் என்பதால் கையை நீட்டிக் காட்டினேன். அவர் கீழே போய்க் கைகால் கழுவி வந்தார். வராந்தாவில் சாரல் அடித்தது. வங்கி அதிகாரி எழுந்து தன் நாற்காலியைத் தானே நகர்த்தி இடம் கொடுத்தார். பேச்சாளர் துண்டை விரித்து நின்றார்.

கூட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வாரமும் இரண்டு நிமிஷ தியானத்தில் இருமிக்கொண்டிருப்பவர்கள் அன்று ஐந்தாறு நிமிஷம் அசையாமல் இருந்தார்கள். அவர் நெற்றி தரையில் பட்டபோது நான் பென்சிலை வைத்துவிட்டேன். எனக்குள் ஏதோ சற்றே அடங்கியது. அதற்கு என்ன பெயர் என்று அன்றைக்கு நான் தேடவில்லை.

எழுந்து துண்டை மடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "நீங்க சொன்னியளே, சமாதி, நிர்வாணம்னு. உங்கள்ல யாருக்காவது அது நடந்திருக்கா?"

வங்கி அதிகாரி நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எனக்கும் நடக்கல. முப்பது வருசமா திக்ரு செய்யுதேன். ரெண்டையும் கண்டவன்தானே ஒண்ணா வேறயான்னு சொல்லணும்? எனக்குத் தெரியாதுய்யா."

அப்பா அவசரமாக நன்றியுரை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பை வாயால் சொல்லி எழுதச் சொன்னார். "எல்லா ஞானமும் ஒன்றே எனப் பேச்சாளர் அழகாக நிறுவினார்."

"அவர் அப்படிச் சொல்லலையேப்பா."

"சொன்னதுக்கு அர்த்தம் அதுதான். போடு."

போட்டேன். ஆனால் அடுத்த ஞாயிறு எழுந்து வாசித்தபோது, அந்த வரிக்குப் பதிலாக "பேச்சாளர் தமக்குத் தெரியாது என்றார்" என்று என் வாயில் வந்துவிட்டது. அப்பாவின் முகம் சிவந்தது. காமாலையிலிருந்து எழுந்து வந்திருந்த பேராசிரியர்தான் கை தூக்கிக் காப்பாற்றினார். "தெரியாதுங்கறதுதானே ஞானத்தோட உச்சம்? அதை நம்ம பெரியவா எப்பவோ சொல்லியாச்சு." எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து குறிப்பை அப்பாவே எழுதிக்கொண்டார்.

மண்டிக்காரர் மாதிரித் தோலோடு ஆபீஸுக்கு வந்தபோது அவரிடம் இதையெல்லாம் சொல்லி, வருத்தமா என்று கேட்டேன்.

"வருத்தம் என்னம்மா. நல்ல மனுசங்க. கொஞ்சம் அவசரக்காரங்க, அவ்வளவுதான்."

"முப்பது வருஷமா ஒண்ணும் கிடைக்கலைங்கறீங்க. ஏன் விடாம செய்யறீங்க?"

"அவனைக் கூப்பிடுதது பிடிச்சிருக்கும்மா," என்றார். பிறகு மாதிரித் தோலை மேஜைமேல் விரித்து, அதிலிருந்த ஒரு சிறிய ஓட்டையை முதலில் காட்டினார்.