கறண்ட் வராத லைன்

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் தேவையா இல்லையா என்று என்னைத்தான் கேட்டார்கள். யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு அடுத்த வருடம், முல்லைத்தீவுப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஜெனரேற்றர் கிடைத்திருந்தது. தடுப்பூசி மருந்து வைக்கிற பிரிட்ஜ் ஓட வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வயரிங் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

அந்தச் சுவிட்சின் கைப்பிடியை மேலே தள்ளினால் லைன் கறண்ட், கீழே தள்ளினால் ஜெனரேற்றர். இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாது. மூடிக்கிடந்த அரிசி ஆலையில் பழையது ஒன்று இருந்தது. உள்ளே செம்புத் தகடுகள் தீய்ந்திருந்தன, அராவிச் சரிசெய்ய இரண்டு நாள் பிடிக்கும். அதையே போடுவோம் என்றார் டொக்டர். நான் சிரித்தேன்.

"லைன்ல கறண்ட் இனி எங்கட காலத்தில வராது ஐயா. வராத கறண்டுக்கு என்னத்துக்குச் சுவிட்ச்?"

அவர் வாதாடவில்லை. ஆறேழு வருடமாகக் குப்பி விளக்கோடு கிடந்தவர்களில் யாருக்கு அதை மறுத்துப் பேசத் தெம்பு இருந்தது?

லைன் வயர் வந்து சேரும் அதே முனையில் ஜெனரேற்றர் வயரையும் முறுக்கிவிட்டேன். செத்த வயரை ஏன் மினக்கெட்டுக் கழற்ற வேண்டும் என்ற எண்ணம். வெளியே வந்து கறண்ட் போஸ்ற்றை அண்ணாந்து பார்த்தேன். ரோட்டுப் பக்கம் கம்பி அறுந்து தொங்கியது. கட்டடத்தின் பின்பக்கம் நான் போகவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

அந்த நாளில் வன்னியில் லைன் கம்பியை யார் லைன் கம்பியாக நினைத்தார்கள்? வேலி கட்டினோம், கூரை இறுக்கினோம், உடுப்புக் காயப்போட்டோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கொட்டில் போட்டிருந்தது. அதே போஸ்ற்றிலிருந்து பின்பக்கம் தொங்கிய கம்பியை இழுத்துப் பாலை மரத்தில் கட்டி, அதைத்தான் கொடியாக வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாதான் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுப்பவர்.

பின்னேரம் ஜெனரேற்றரை முதன்முதலாக ஓட்டினோம். பிரிட்ஜ் உறுமத் தொடங்கியதும் தாதி கைதட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து அலறல் கேட்டது. நான் கழற்றாமல் விட்ட வயர் வழியே ஜெனரேற்றர் கறண்ட் வெளிக் கம்பிக்கு ஏறிவிட்டது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓடிப்போய் ஜெனரேற்றரை நிறுத்தினேன், ஆனால் எல்லாம் முடிந்திருந்தது. ஈர விரிப்பு அந்த அம்மாவின் கையோடு கிடந்தது. டொக்டர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

புருஷன் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். அவர் என்னை அடித்திருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, எங்களுக்குக் கறண்ட் வந்திட்டுதோ?"

"ஓம் ஐயா," என்றேன். "வந்திட்டுது."