திரும்பி வந்த முறுக்குத் தட்டு

சில ஆண்டுகளுக்கு முன், கேமரன் மலையில் ஒரு தீபாவளிக் காலை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு அரசாங்க அலுவலகத்தில் டெண்டர் பிரிவில் வேலை. கிறிஸ்தவர். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். கிறிஸ்மஸுக்கு அதே தட்டில் அவர்கள் கேக் இங்கே வரும். என் மனைவி சுட்ட முறுக்கை அவர் வாசலில் நின்றபடியே கடிப்பார்.

நான் வேலைகளை எடுத்துச் செய்து கொடுக்கும் ஒரு குத்தகையாளர். கம்பெனி என்றால் நான், ஒரு பழைய லோரி, அதைத் தள்ள இரண்டு ஆட்கள். தோட்டப் பள்ளிக்குப் பின்னால் மண் அடைத்துக் கிடந்த லொங்காங் வடிகாலைத் தோண்டிச் சுத்தம் செய்யும் அரசாங்க வேலைக்கு அப்போது விலை எழுதிக் கொடுத்திருந்தேன். கொடுத்த கையோடு மறந்தும்விட்டேன். மறதியில் மட்டும் நான் முதல் வகுப்புக் குத்தகையாளர்.

புது வேட்டியில், தட்டோடு போய் நின்றேன். அவர் முறுக்கை ஆசையாகப் பார்த்தார். ஆனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்ணே. எடுத்துட்டுப் போயிருங்க."

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "தட்டக் காலியா திருப்பக் கூடாதுன்னு முழுசாவே திருப்பிட்டாங்களா? நீங்க என்னத்த உளறி வச்சீங்க?"

இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டு, ரோஷத்தில் பாதித் தட்டை நானே தின்று தீர்த்தேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல். கண் கலங்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்க டெண்டர் எங்க ஆபீஸ்லதான் இருக்கு. பக்கத்து வீடுன்னு ஆபீஸ் பெரியவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், அத வேற ஆள் பாக்குறாங்க. ஆனாலும் நான் தட்ட வாங்குறதப் பார்த்து யாராச்சும் புகார் குடுத்தா, என் வேலையும் போகும், உங்க லைசன்ஸும் போகும். கேஸ் நின்னுச்சுன்னா ஜெயிலு."

"முறுக்குக்கா ஜெயிலு?"

"அக்கா முறுக்குக்கு ஆயுள் தண்டனையே குடுக்கலாம் லா." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கையில் மிச்சமிருந்த முறுக்கைச் சட்டென்று தட்டில் வைத்தேன். அந்த லைசன்ஸை நம்பித்தான் என் வீட்டிலும் அந்த இரண்டு ஆட்கள் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

டெண்டர் எனக்குக் கிடைக்கவில்லை. கிறிஸ்மஸ் அன்று கேக்கோடு வந்தார். "முடிவு வந்துருச்சுண்ணே. இனிமே பயமில்ல. முறுக்கு இருக்கா?"

மனைவி காலையிலேயே புதிதாகச் சுட்டு வைத்திருந்தாள். அவர் வாசலில் நின்றபடியே கடித்தார்.

இன்றும் ஒவ்வொரு வேலைக்கும் விலை எழுதும்போது, பின்னால் கட்டிக்கொண்ட அந்தக் கைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மூன்று வீட்டு அடுப்பை அணையாமல் காத்த கைகள்.