தட்சணாமூர்த்தி மிச்சம் பிடிக்கும் சார்ஜ்

கண் விழித்ததும் தட்சணாமூர்த்தி எழுந்துவிடுவதில்லை. படுத்தபடியே வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து, உதடு அசைய எண்ணுகிறார். அதுவரை அவர் மனைவி லட்சுமியம்மாள் அடுப்படியில் ஒரு டம்ளரைக்கூட ஓசைப்பட வைக்கக் கூடாது. எண்ணி முடித்து, "இருக்குது" என்பார். அப்புறம்தான் காபி.

அவருடைய இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. இதயம் அசந்துபோனால் தட்டி எழுப்புகிற மிஷின். சுனாமிக்கு அடுத்த சித்திரையில், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் பலகையோடு சாய்ந்தார். அவருடைய அண்ணன் ராஜாங்கம்தான் முதுகில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடி, ரோட்டில் வேனை மறித்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தெய்வம் கண் திறந்தது. ஆனால், "உள்ள பேட்டரி இருக்குது, அப்பப்ப வந்து சார்ஜ் பாத்துக்குங்க" என்று அங்கே சொல்லி அனுப்பியதை இவர் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார்.

பேட்டரி என்றால் அவருக்குத் தெரிந்தது டார்ச் லைட்தான். எரியவிட்டால் தீரும், எரியாவிட்டால் நிற்கும். ஆகவே தம்மையும் எரியாமல் வைத்துக்கொள்ளப் பழகினார். உப்பளத்துக்குப் போவதில்லை. வேகமாக நடப்பதில்லை. டிவியில் காமெடி வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆடிக் கூழ் ஊற்றும்போதுகூட அம்மன் கோயில் பக்கம் வரவில்லை. மேளம் கேட்டால் நெஞ்சு எகிறுமாம்.

"சங்கீதாவ ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கற வரைக்கும் இது ஓடணும்ல?" என்பார். சங்கீதா அவருக்கு ஒரே மகள்.

"ஏன்யா, என்கிட்ட சண்ட போடக்கூடவா சார்ஜு இல்ல?" என்று லட்சுமியம்மாள் சீண்டுவார். அதற்கும் அவர் மணிக்கட்டைத்தான் பிடித்துப் பார்ப்பார்.

ஐப்பசியில் செக்கப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரனான நான் துணைக்குப் போனேன். நர்ஸ் பெண் வட்டமான ஒரு கருவியை அவர் மார்பின்மேல் வைத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"பேட்டரி நல்லா இருக்குதுங்கய்யா. ஆனா படுத்தே கெடக்கறீங்க போல? நீங்க நடமாடினா இதயம் தானா ஓடும், மிஷினுக்கு வேல கம்மி. சும்மா கெடந்தாத்தான் அது மெனக்கெடுது. நல்லா சிரிங்க, அழுவுங்க, ஒண்ணும் ஆவாது."

தலையாட்டிவிட்டு வந்தவர் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "சின்னப் பொண்ணு, சகாதேவா. எரியாத லைட்டு எங்கனா தீருமா?"

கார்த்திகை மழையில் ராஜாங்கம் படுத்துவிட்டார். மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. தம்பி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. "தம்பிய ஒரு வாட்டி வரச் சொல்லு. மூஞ்சியப் பாத்துட்டாப் போதும்" என்றார் என்னிடம். போய்ச் சொன்னேன்.

"பாத்தா அழுதுடுவேன்பா."

"அழுதா இன்னாண்ணா? உன்னத் தூக்கினு ஓடுன மனுசன் ஆச்சே."

"அதனாலதான் சொல்றேன். சார்ஜு ஒரேடியா எறங்கிடும்."

மறுநாளும் அண்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மழை விடட்டும் என்றார். அவர் மனத்தைத் திருப்பச் சொல்லி கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தேன்.

மழை விட்ட காலையில் ராஜாங்கம் போய்ச் சேர்ந்தார்.

லட்சுமியம்மாளும் சங்கீதாவும் அங்கே அழுதுகொண்டிருந்தார்கள். பாடை தூக்கும் நேரத்தில் இவரை அழைத்துப்போக வந்தேன். பாயில் மல்லாந்து கிடந்தார். "எழுந்திருண்ணா, கெளம்பிட்டாங்க" என்றேன். பறைச் சத்தம் தெருவில் ஏறி, வாசலுக்கு நேராக வந்தது. உறங்கும் குழந்தையின் காதைப் பொத்துவதுபோல, மார்பிலிருந்த அந்த மேட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் மூடிக்கொண்டார். கண்ணீர் இருபுறமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைப்பதற்கு அவர் கையை எடுக்கவில்லை.