கரட்டில் எடுத்த படம்

மோடம் கீச்சிடும், இரையும், பிறகு சட்டென்று அமைதியாகும். அமைதியானால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். தொண்ணூறுகளின் கடைசியில், காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த அமைதிக்காக நான் காத்திருந்த ஒரு மத்தியானம் இன்னும் மறக்கவில்லை.

கிணத்துக்கடவுப் பக்கம் கரடு என்று நாங்கள் சொல்லும் சிறு பாறைக்குன்றும் அதன் அடியில் மேய்ச்சல் நிலமும் இருந்தன. கல்குவாரிக்காரர்கள் கரட்டை உடைக்கத் தொடங்கியபோது, அதைக் காப்பாற்ற நாங்கள் சிலர் சேர்ந்தோம். கால்நடை டாக்டர் எங்களுக்குத் தலைவர். முரட்டுக் காளைக்கு அசராமல் ஊசி போடுகிறவர், கலெக்டர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். நான் ஒரு மில்லில் டைப்பிஸ்ட். ஓய்வு நேரத்தில் அவருக்காக மின்னஞ்சல் அனுப்புவேன். எங்களுக்கு ஒரு சின்ன இணையப் பக்கமும் இருந்தது. டாக்டர் எதை எழுதினாலும் சர்வே எண்ணில் தொடங்கி மனு போலவே முடியும். யாரும் பதில் போட்டதில்லை.

"இதைப் படிச்சா எனக்கே தூக்கம் வருதுங்க சார். அங்க குடியிருக்கறவங்க பேசுனா என்னங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே கேமராவோடு கிளம்பினோம்.

கரட்டடியில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் தனியாகக் குடியிருந்தார். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய சினை ஆடு பள்ளத்தில் விழுந்து செத்ததைச் சொன்னார். அழவில்லை. "பேரையும் போடுங்க. நாஞ் சொன்னதுதானுங்களே," என்றார். அவர் படத்தையும் பேச்சையும் நாலே வரியில் பக்கத்தில் ஏற்றினோம். முதல்முறையாகப் பதில்கள் வந்தன. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து கலெக்டருக்குக் கடிதங்கள் போயின. வெளியூர்க்காரர்கள் படிப்பார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தோம். உள்ளூரிலும் படிக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த மத்தியானம் டாக்டர் சென்டருக்குள் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அக்கா ஊட்டுக்குக் குவாரி ஆளுக போயிருக்காங்க அம்மணி. நம்ம பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோயிருக்காங்க. படத்தை எடுத்துரு, உடனே எடுத்துரு."

மோடம் கீச்சிட்டது, இரைந்தது, அறுந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் அறுந்தது. அந்த முகமும் பெயரும் உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்க, என்னால் அதை மூட முடியவில்லை. கடைசியில் முயற்சியை விட்டுவிட்டு இருவரும் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். பின்னால் ஹாரன் கேட்கும்போதெல்லாம் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா நல்லபடியாக இருந்தார். வெள்ளைக் காரில் வந்தவர்கள் அவரைத் தொடவில்லை, திட்டவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார்கள். "படம் நல்லா இருக்குதுங்க. தனியாத்தான் இருப்பீங்களாட்ட. பாத்து இருந்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே பாதையில் வண்டிச் சத்தம். மூவரும் எழுந்து பாதையைப் பார்த்தோம். பால் வண்டி, நிற்காமல் போனது.

"படத்தை எடுத்துப்போடறோமுங்க," என்றார் டாக்டர்.

"எடுத்துட்டா மட்டும் எம் மூஞ்சி அவிங்களுக்கு மறந்துருமுங்களா?" என்றார் அக்கா. "ஒருத்தியா நிக்கறதுதானுங்க பயமா இருக்குது. இன்னும் நாலு பேரு கூட நின்னா?"

அவரே ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் யோசித்து யோசித்து வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கரட்டின் முன்னால் நின்றுவிட்டார்கள். டாக்டர் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார், பிறகு இறக்கினார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

வெள்ளைக் கார் திரும்ப வரவில்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து விசாரணை வந்து குவாரி நின்றபோது பாதிக் கரடு போயிருந்தது. மீதிப் பாதியில் இன்றும் ஆடுகள் மேய்கின்றன. இப்போது இதே வேலை செய்யும் குழுவினர் நின்ற இடத்திலிருந்தே செல்போனில் படம் ஏற்றிவிடுகிறார்கள். எப்படி எழுதினால் ஆட்கள் படிப்பார்கள் என்று என்னைக் கேட்க வருகிறார்கள். படத்தில் இருப்பவர் தனியாகக் குடியிருக்கிறாரா என்று நான் முதலில் கேட்கிறேன். அவர்களுக்கு என் கேள்வி புரிவதில்லை. டாக்டர் இருந்தால் புரிந்துகொள்வார். இருந்தவரைக்கும் வெள்ளைக் காரைக் கண்டால் நின்று, அது தாண்டிப் போன பிறகுதான் அவர் நடப்பார்.

அன்று படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில், "எனக்கு இன்னுமே பயமாத்தான் இருக்குது அம்மணி. படத்துல தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுங்க சார் என்றேன். கழுவி வந்த படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதையே ஏற்றினோம்.