செவ்வாய்க்கிழமை வாங்காதவள்

உதவித்தொகையில் மிச்சம் பிடித்ததைப் பங்குச் சந்தையில் இட்டபோது, இது சூதாட்டம் அன்று, எச்சரிக்கையான முதலீடு என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். திருப்பதி விடுதியில் தங்கித் தமிழ் இலக்கியம் படிப்பவளிடமிருந்து அதைக் கேட்டுக்கொள்ள வேறு யாரும் முன்வராததால், எனக்கு நானே அளித்துக்கொண்டேன். அந்த மாதங்களில் சந்தை காலையில் ஏறியது, நண்பகலில் விழுந்தது, மாலையில் ஒன்றும் நடவாததுபோல் கடையை மூடியது. எங்கோ ஒரு நாட்டில் வரி உயரப்போகிறது என்றால், நான் வைத்திருந்த சிமெண்டு நிறுவனப் பங்கு இங்கே நடுங்கியது.

எனக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று ஸ்டாப் லாஸ். விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் பங்கு தானாகவே விற்றுப்போகும்படி செல்பேசியில் முன்கூட்டிச் சொல்லிவைப்பது அது. மற்றவர்கள் தாராளமாகத் தள்ளிவைக்கும் அந்த எல்லையை நான் பங்கின் கழுத்தருகே வைத்தேன். இரண்டாவது விதி வீட்டிலிருந்து கொண்டுவந்தது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் பணம் வெளியே போகாது. ஆகவே அந்நாள்களில் நான் வாங்குவதில்லை. விற்கலாம். பணம் உள்ளேதானே வருகிறது.

இரண்டும் கூடி நேர்த்தியாக வேலை செய்தன. திங்களன்று வாங்குவேன். செவ்வாய்க் காலை சந்தை ஒருமுறை தும்மும், பங்கு விற்றுப்போகும். பிற்பகலில் விலை ஏறும். நான் கை கட்டி வேடிக்கை பார்ப்பேன். புதனன்று அதே பங்கைக் கூடுதல் விலைக்கு வாங்குவேன்.

நகரியிலிருந்து வந்து வணிகவியல் படிக்கும் என் அறைத்தோழி இதைச் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டாள்.

"இன்னாடி, அந்தக் கம்பெனிக்கு இன்னா வேண்டுதலா? வித்துட்டு வித்துட்டு அதயே வாங்கினு கீற."

"ஜாக்கிரதையா இருக்கறேன்."

"ஆமாமா. காசு ஜாக்கிரதையாத்தான் போவுது."

மாங்காய்ப் பருவம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, வெதுருகுப்பத்திலிருந்து நைனா, என் அப்பா, பேருந்தில் வந்து விடுதி வாசலில் நின்றார். கையில் துணிப்பை. உள்ளே எங்கள் தோப்பு மாங்காய்க்கு மண்டிக்காரர் கொடுத்த பணம். அடுத்த பருவம் வரை வீட்டுச் செலவும் உரமும் போர் மோட்டாரும் அந்தப் பைக்குள்தான் இருந்தன.

"பீரோவுல வச்சா கரஞ்சிபூடும் கண்ணு. நீ போடற எடத்துல போடு."

பேச்சுவாக்கில் எப்போதோ வீட்டில் சொன்னது இப்படிப் பை தூக்கிக்கொண்டு வரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைக் காட்டி அவரைப் பயமுறுத்துவதே வழியென்று முடிவுசெய்து, செல்பேசியைத் திறந்தேன்.

"பாரு நைனா, எல்லாம் செவப்பு. ஒவ்வொண்ணுலயும் நஷ்டம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"ஒரு தடவைக்கி இவ்ளோதான் போச்சா?"

"ஆமா."

"லோடு ஏத்திகினு போயி ஜூஸ் ஃபேக்டரி கேட்டுல நின்னா, வரிச நவுர்றதுக்குள்ள பாதி வெல பூடுது. நீ இத்தினி தடவ வித்தும் இவ்ளோதான் உட்டுகீற. கெட்டிக்காரிதான்."

என் தோல்விகளை இவ்வளவு மதிப்பெண் போட்டுத் திருத்தியவர் வேறு எவருமில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"இன்னிக்கி செவ்வாக்கெழம நைனா. பணம் வெளிய போவக் கூடாது."

"உங்கிட்ட குடுக்கறது வெளியவா?" என்றார், பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடி. பிறகு போய்விட்டார்.

மறுநாள் காலை சந்தை திறந்ததும், அந்தச் சிமெண்டுப் பங்கு நான் பல வாரங்களாகக் காத்திருந்த விலைக்கு இறங்கி நின்றது. கிழமை புதன். என் விதிகள் இரண்டும் ஒருமித்து அனுமதி தந்தன. கட்டிலில் பை இருந்தது. பை முழுவதற்கும் எத்தனை பங்குகள் வரும் என்று கணக்குப் போட்டும்விட்டேன். உரமும் மோட்டாரும் ஒரு தும்மலுக்குத் தாங்குமா என்ற கணக்கு மட்டும் வரவில்லை. வகுப்பை விட்டுவிட்டுப் பையோடு வங்கிக்கு நடந்தேன். வரிசையில் நின்றபோது பங்கு ஏறிக்கொண்டே போனது. நான் பணத்தை வைப்புத்தொகையாகக் கட்டி முடித்த நேரத்தில் அது அன்றைய உச்சத்தில் இருந்தது.

மாலையில் நைனா அழைத்தார்.

"போட்டியா?"

"போட்டேன். பேங்க்ல, டெபாசிட்டா."



"எறங்காது இல்ல?"

"எறங்காது நைனா."

"அப்ப உன் காச மட்டும் ஏன் அங்க உட்டுகினு கீற?"

"பாடம் கத்துக்கறேன் நைனா."

"அதுக்குத்தான காலேஜுல சேத்துகீறேன்" என்றார்.