வளர்ச்சி டப்பாவும் என் விரல்களும்

சவூதியிலிருந்து லீவில் வருகிறவனுக்கு எங்கள் குடும்பத்தில் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியை டாக்டருக்குக் கொடுத்திருந்தால், என் வலது கை இன்றைக்கு முழுசாக மூடும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் வெட்கப்படாமல் டப்பாவைத் திறந்து, கரைத்துக் குடித்தவள் நான்தான்.

எனக்கு வந்தது முடக்குவாதம். தென்காசியில் எங்கள் தெருவில் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். வாய்வு என்றாள் ஒருத்தி. ஏசிக் காற்று என்றாள் இன்னொருத்தி. எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது. விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு எழுந்தால் விரல்கள் விறைத்துக் கிடக்கும். கைகால் கழுவி ஒளு எடுக்கக் குழாயைத் திருக முடியாமல் என் வீட்டுக்காரர் வந்து திறந்துவிடுவார். நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவுக்குக் கையை ஊன்றினால் மணிக்கட்டில் உயிர் போகும். அந்த நேரத்தில் நான் “யா அல்லாஹ்” என்றது முழுக்க முழுக்க பக்தியில் இல்லை. அவனுக்கும் அது தெரியும்.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். தப்பித் தவறித் தினமும் போட்டுவிடக் கூடாது, அது ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார். மறக்கக் கூடாதென்று நான் வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டேன். போட்ட மறுநாள் வயிற்றைப் புரட்டும். ஆனால் இரண்டு மாதத்தில் குழாயை நானே திருகினேன்.

அப்போதுதான் குற்றாலத்துச் சாரல் சீசனும் கொழுந்தனும் சேர்ந்து வந்தார்கள்.

என் கொழுந்தன் சவூதியில் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்குகிற வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் அவன்தான் வக்கீல், இஞ்சினியர், டாக்டர். வேன் பிடித்து, பிரியாணிச் சட்டியோடு குடும்பத்தையே ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். என் மாமி, அதாவது அவன் உம்மா, வேனை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏட்டி, தோளைக் குடுத்து நில்லு. அருவித் தண்ணி அடிச்சா எந்த வலியும் ஓடிரும்.”

நின்றேன். வீங்கின மூட்டில் அருவி அடித்தால் எப்படி இருக்கும் என்று நின்றவளுக்குத்தான் தெரியும். வலி ஓடவில்லை, நான்தான் ஓடி வந்தேன். பாதையோரத்தில் ஒரு தைலக் கடைக்காரன் என் கையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “ஒரு சீசன் தேய்ச்சாப் போதும்” என்றான். அவன் கடையில் அதே தைலம் முடி வளரவும் இருந்தது.

திரும்பி வரும்போது மேலகரம் தாண்டுவதற்குள் கொழுந்தன் என் வைத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“மைனி, நோய் தெனமும் இருக்கு. மாத்திரை மட்டும் வாரத்துக்கு ஒண்ணா? இடிக்குதுல்லா?”

“டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க.”

“சொல்லுவாங்க. அது செல்லை வளரவிடாமத் தடுக்குத மாத்திரை. நான் போன்ல பாத்துட்டேன். வளரவிடாமத் தடுத்தா எலும்பு எப்படி மைனி சேரும்? உங்களுக்கு வேண்டியது குரோத் ஃபேக்டர். வளர்ச்சிக் காரணி. மாடு கன்னு போட்ட உடனே சுரக்குத சீம்பால்ல அது இருக்கு. பொடியா வருது. உங்களுக்குன்னே கொண்டாந்திருக்கேன்.”

முன் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பினார். “சீம்பாலா? இலஞ்சியில பால்காரர் சும்மாவே குடுக்காரே லே.”

“அது நாட்டுச் சீம்பால் அண்ணே. இது லேப்ல செஞ்சது.”

வேனில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். லேப் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். மாத்திரை போட்ட மறுநாள் வயிற்றைப் புரட்டுவதிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்ற ஆசையும் எனக்குள்ளே இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதிப் புண்ணியமில்லை.

மூன்று டப்பா கொடுத்தான். முன்பக்கம் பெரிய இங்கிலீஷ் எழுத்து. பின்பக்கம், அங்கே இறக்குமதி பண்ணினவர்கள் ஒட்டின அரபி ஸ்டிக்கர். அந்த அரபியைப் பார்த்ததும் மாமி டப்பாவைக் கீழே வைக்க விடவில்லை. அலமாரியில் மேல்தட்டில், மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைத்தோம். தினமும் ஒளுவோடு எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிக் கரைப்பேன். எனக்கு அரபி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஸ்டிக்கரில் குர்ஆனில் உள்ளதுபோல் உச்சரிப்புக் காட்டுகிற ஜேர், ஜபர் குறிகளும் இல்லை. ஆனாலும் பொடி கரைகிற நேரத்தில் லாம், யே, ஸீன் என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பேன். ஓதின மாதிரி மனசுக்கு நிறைவாக இருக்கும். காலி டப்பாவைக்கூடக் குப்பையில் போடவில்லை. அரபி எழுத்தாயிற்றே.

கொழுந்தன் சொன்னபடி மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. “பாத்தீங்களா மைனி” என்று லீவு முடிந்து திரும்பிப்போன கொழுந்தன் சவூதியிலிருந்து வீடியோவில் சிரித்தான். அடுத்த மாதம் குழாய் மறுபடி திருக வரவில்லை. அதற்கடுத்த மாதம் மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்து, அப்படியே நின்றுவிட்டன. இடியாப்ப மாவு பிசைய முடியவில்லை. சோற்றை உருட்ட முடியவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டேன். இந்தக் கை இப்படியே போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. அதைச் சொன்னதற்கும் கொழுந்தன், “உடம்பு பொடியை ஏத்துக்கிடுத அறிகுறி” என்றான். நல்லதானாலும் பொடிதான் காரணம், கெட்டதானாலும் பொடிதான் காரணம். இப்படி ஒரு மருந்தை யார் தோற்கடிக்க முடியும்?

பக்கத்து வீட்டுப் பெண் மதரஸாவில் ஆலிமா என்கிற மார்க்கப் படிப்பு முடித்தவள். அரபிக்கு அர்த்தம் தெரிந்தவள். ஒரு நாள் தயிருக்கு உறை வாங்க வந்தவள், ஸம்ஸம் பக்கத்தில் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“இது என்னக்கா, இங்கன வச்சிருக்கீங்க?”

“மருந்துட்டி. அரபி எழுதியிருக்குல்லா.”

அவள் எடுத்து ஸ்டிக்கரைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? ‘இது மருந்து இல்லை. டாக்டர் குடுத்த மருந்துக்குப் பதிலா இதைச் சாப்பிடக் கூடாது.’ அதான் போட்டிருக்கு.”

தினமும் ஒளுவோடு நான் ஓதினது அதைத்தான். லாம், யே, ஸீன் என்று நான் நிறைவாகக் கூட்டின சொல்லுக்கு அர்த்தம் ‘இல்லை’ என்பதாம். அல்லாஹ்வின் வேதத்தை வாழ்நாளெல்லாம் ஓதியும் ஒரு பால் பொடி விற்கிறவன் செய்த எச்சரிக்கைகூடப் புரியாத ஜென்மம் நான். அந்தப் பெண் சிரித்தாள். சிரித்ததற்கு அவளை நான் கோபிக்கவில்லை.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போனோம். டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி எலும்பின் ஓரம் இருந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். “வளர்ச்சிக் காரணிங்கிறது பொய்யில்லைம்மா. அது நம்ம உடம்பே சுரக்கிறது. புண் ஆற, குழந்தை வளர, எல்லாத்துக்கும் வேணும். ஆனா உங்க நோயில, மூட்டுக்குள்ள இருக்கிற மெல்லிசான சவ்வுல அது அளவில்லாமச் சுரக்குது. சவ்வு தடிச்சு வளருது. அந்தக் காரணியில ஒண்ணு புது ரத்தக் குழாயை முளைக்க வைக்கும். அந்த ரத்தத்தை வச்சு சவ்வு இன்னும் வளரும். வளர்ந்து எலும்பை அரிக்கும். உங்களுக்கு வளர்ச்சி பத்தாம வந்த நோய் இல்ல இது.”

எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. ஆனாலும் அது புரிந்தது. குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவன் நான்கு கம்பு நட்டு ஆரம்பிப்பான். பிறகு தானே கரண்டு இழுப்பான், தண்ணீர் இழுப்பான், சீசன் முடிந்தும் காலி பண்ணாமல் பக்கத்துச் சுவரை இடித்து உள்ளே போவான். என் விரலுக்குள் அப்படி ஒருத்தன் கடை பரப்பிக்கொண்டிருந்தான். அவனை அடக்க வந்த மாத்திரையைத்தான் என் கொழுந்தன் நிறுத்தச் சொன்னான்.

“அப்போ இந்தப் பொடிதான் அதை வளத்துவிட்டுச்சா டாக்டரம்மா?”

“இல்லம்மா. வயித்துல போனா இதுவும் சாப்பாடு மாதிரி செரிச்சுப் போயிடும். மூட்டுப் பக்கமே எட்டிப் பாக்காது. நல்லதும் செய்யல, கெட்டதும் செய்யல. கெட்டது, நீங்க மாத்திரையை நிறுத்தினது.”

விஷம் குடித்துக் கெட்டேன் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு கௌரவம் இருக்கிறது. நான் வெறும் பால் பொடி குடித்துக் கெட்டவள்.

“கை மூடுமா?” என்று கேட்டேன்.

“அந்த ரெண்டு விரல்ல அரிச்சுப் போனது திரும்ப வராது. மத்ததைக் காப்பாத்தலாம். இனி ஒரு வாரம்கூட விடாதீங்க.”

பஸ்ஸில் வரும்போது அழுதேன். ஷிஃபா, அதாவது நோய்க்குக் குணம், தருகிறவன் அல்லாஹ். அதை அவன் அந்த அம்மாவின் கை வழியாக எனக்கு அனுப்பினான். நான் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாயாடியின் பேச்சை வாங்கிக்கொண்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கொழுந்தன் போன் பண்ணினான். என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

“மூணு டப்பா எப்படிப் பத்தும்? ஆறு டப்பா குடிக்கணும் மைனி. நீங்க பாதியில விட்டுட்டு என்னையச் சொல்லுதீங்க.”

“தம்பி, உனக்கு மூட்டு வலி வந்தா ஆறு டப்பாவும் நீயே குடி. நான் துஆ செய்யுதேன்.”

மாமிக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, பாசத்துல கொண்டாந்த பிள்ளைய இப்படியா பேசுவ? அவன் மனசு நோவும்லா.”

“தம்பி மனசு அடுத்த லீவுக்குள்ள ஆறிரும் மாமி. என் விரல் ஆறாது.”

வீட்டுக்காரர் மாத்திரை அட்டையைப் பிரித்துத் தர எழுந்து வந்தார். வேண்டாமென்று வாங்கி, கட்டைவிரலால் நானே அமுக்கினேன். வெகுநேரம் பிடித்தது. போனில் கொழுந்தன், சவூதியில் யாரோ ஒருவருக்கு அந்தப் பொடியில் நடக்கவே வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிஸ்மில்லாஹ் சொல்லி மாத்திரையை விழுங்கினேன்.